தாயின் பெயர் தெரியாத துறவி: மேசைக் கதையாட்டத்தில் வழமை மீறும் பாத்திரங்கள்

1

ஒரு சிறுகதையில் வரும் பாத்திரத்தை 'வித்தியாசமான பாத்திரம்' என்று நாம் எளிதாக எழுதிவிடுகிறோம். முன்னுரைகளிலும் நூல் வெளியீட்டு உரைகளிலும் இந்தச் சொல் ஒரு நற்சான்றிதழாகவே வழங்கப்பட்டு வருகிறது. நானும் பலருக்கு வழங்கியிருக்கிறேன். எதிலிருந்து வித்தியாசம், யாருடைய கண்ணுக்கு வித்தியாசம், அந்த வித்தியாசத்தால் கதையிலுள்ள மற்றவர்களுக்கு என்ன நேர்கிறது என்ற கேள்விகளை நான் பெரும்பாலும் கேட்டதில்லை. அவற்றைக் கேட்கும்படி என்னை நிர்ப்பந்தித்தது ஒரு விளையாட்டு. ஆகவே இந்தக் கட்டுரை ஒரு விளையாட்டைப் பற்றியது. அதனூடாக நமது கதைகளைப் பற்றியதும்தான்.

2023ஆம் ஆண்டின் இறுதியில் மூன்று மாதங்கள் இங்கிலாந்தில் என் தங்கச்சியின் வீட்டில் தங்கியிருந்தேன். சனிக்கிழமைகளில் மஃரிபுக்குப் பிறகு மருமகனின் நண்பர்கள் நால்வர் வருவார்கள். சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு அதன்மேல் தாள்களையும் பென்சில்களையும் பல முகங்கள் கொண்ட பகடைகளையும் பரப்புவார்கள். பிறகு நள்ளிரவு வரை பேசிக்கொண்டேயிருப்பார்கள். வென்றவர் யார், தோற்றவர் யார் என்று கடைசியில் யாரும் கேட்பதில்லை. 'டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' என்ற பெயரை நான் கேள்விப்பட்டிருந்தேன். அது கணினி விளையாட்டு என்றே அதுவரை நினைத்திருந்தேன்.

விளையாட்டின் அமைப்பு எளிமையானது. ஒருவர் கதை நடத்துநர். எங்கள் வீட்டில் அது மருமகன். அவர் ஒரு சூழலைச் சொல்வார்: நீங்கள் ஒரு பாலத்தருகே நிற்கிறீர்கள், மறுகரையில் புகை தெரிகிறது, என்ன செய்யப் போகிறீர்கள்? மற்றவர்கள் ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்தை ஏற்றிருப்பார்கள். அந்தப் பாத்திரத்தின் வலிமை, அறிவு, தொழில், கடந்தகாலம் எல்லாம் முன்னாலுள்ள தாளில் எழுதப்பட்டிருக்கும். அவர்கள் தம் பாத்திரமாக நின்று பதில் சொல்வார்கள். நிறைவேறுமா என்று நிச்சயமில்லாத செயலுக்கு இருபது முகப் பகடையை உருட்டுவார்கள். விழும் எண்ணைக் கொண்டு கதை நகரும். நமது கூத்து அண்ணாவியாருக்குக் கதையின் முடிவு தெரியும். இந்த நடத்துநருக்குத் தெரியாது. அதுதான் வேறுபாடு.

ஆசிரியன் இறந்துவிட்டான் என்று நமது சிற்றிதழ்களில் எத்தனையோ பக்கங்கள் எழுதினோம். அவனை ஐந்தாகப் பங்கிட்டு ஒரு மேசையைச் சுற்றி உட்காரவைத்தால் பிரதிக்கு என்ன நிகழும் என்று நாம் யோசித்ததில்லை. அந்த மேசையில் வாசகன் என்று தனியே ஒருவரும் இல்லை. எழுதுபவர்தான் கேட்பவர். கேட்பவர்தான் நடிப்பவர். அங்கே ஒரு பாத்திரம் நல்லதா இல்லையா என்பதை விமர்சகன் வந்து சொல்ல வேண்டியதில்லை. பக்கத்துக் கதிரையில் இருப்பவரின் முகமே சொல்லிவிடும்.

மூன்றாவது வாரம் என்னையும் அழைத்தார்கள். அவர்களுள் ஓர் ஆங்கிலேய இளைஞன், நல்லெண்ணத்துடன்தான், பாலைவனத்திலிருந்து வந்த ஒரு கொலையாளியாக ஆட எனக்கு விருப்பமா என்று கேட்டான். அது வழமையான பாத்திரமல்ல, சுவாரசியமாக இருக்கும் என்றான். நான் மறுத்தேன். எழுத்தாளன் என்ற மிதப்பில் நானே ஒரு பாத்திரத்தைப் படைத்தேன். பல வருடங்களாகப் பேசாத, பொன்னை மண்ணாக மதிக்கின்ற, எவரையும் சாராத ஒரு மௌனத் துறவி. என் வரையில் அவன்தான் அந்த மேசையிலேயே ஆழமான பாத்திரம். அன்று நடந்ததைப் பின்னர் சொல்கிறேன். அதற்கு முன் இந்த விளையாட்டின் வரலாற்றில் வழமை மீறிய பாத்திரங்களுக்கு என்ன நேர்ந்தது என்பதைப் பார்ப்பது பயனுள்ளது.

2

இந்த விளையாட்டின் பிறப்பே ஒரு வழமை மீறலில்தான் நிகழ்ந்தது எனலாம். 1969ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் டேவிட் வெஸ்லி என்பவர் தன் நண்பர்களுக்காகப் போர் விளையாட்டொன்றை அமைத்தார். நெப்போலியன் காலத்து ஜேர்மனியில் பிரவுன்ஸ்டைன் என்னும் கற்பனை நகரம் அதன் களம். அதுவரை அத்தகைய ஆட்டங்களில் ஆட்டக்காரர்கள் படைத் தளபதிகள் மட்டுமே. வெஸ்லி சிலருக்கு நகர முதல்வர், வங்கியாளர், பல்கலைக்கழகத் தலைவர் போன்ற வேடங்களைக் கொடுத்தார். படையை நகர்த்த வந்தவர்கள் ஒருவரோடொருவர் பேசவும் பேரம் பேசவும் ஏமாற்றவும் தொடங்கினார்கள். ஆட்டம் குழம்பிவிட்டது, தோல்வி என்று வெஸ்லி எண்ணினார். ஆடியவர்களோ மறுபடியும் நடத்தச் சொல்லிக் கேட்டார்கள்.

அதன் பின்வந்த ஆட்டமொன்று தென்னமெரிக்கச் சாயல்கொண்ட ஒரு சிறு நாட்டில் நிகழ்ந்தது. அதில் டேவ் ஆர்னசன் என்ற இளைஞருக்குக் கிடைத்தது துண்டுப்பிரசுரங்களை விநியோகிக்கும் அமைதிவழிப் புரட்சியாளனின் வேடம். மற்றவர்களிடம் படையும் காவல்துறையும் இருந்தன. இவரிடம் காகிதம் மட்டுமே. ஆர்னசன் அமெரிக்க உளவு நிறுவனத்தின் அடையாள அட்டை ஒன்றைப் போலியாகத் தயாரித்துக்கொண்டு வந்திருந்தார். தான் உண்மையில் மறைந்து வாழும் உளவாளி என்று மற்றவர்களை நம்பவைத்தார். இறுதியில் நாட்டின் செல்வத்தோடு ஹெலிகொப்டரில் ஏறி, மேலேயிருந்து பிரசுரங்களை அள்ளி வீசிக்கொண்டு போனார் என்பது ஆட்டக்காரர்களிடையே வழிவழியாகச் சொல்லப்படும் கதை.

இந்தக் கதையை வெறும் தந்திரமாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் வேறொன்று படுகிறது. ஆர்னசனின் பாத்திரம் விசித்திரமானது என்பதால் அந்த ஆட்டம் நினைவில் நிற்கவில்லை. அவர் மேசையிலிருந்த ஒவ்வொருவரிடமும் போய்ப் பேச வேண்டியிருந்தது. அவர்கள் நம்பினால்தான் அவருடைய பொய் உயிர்வாழும். ஆட்டத்தில் ஆகப் பலவீனமான பாத்திரம் ஆக அதிகமான உறவுகளை உண்டாக்கியது.

அதே ஆர்னசன் பின்னர் 'பிளாக்மூர்' என்ற கற்பனை நிலத்தை உருவாக்கினார். விஸ்கொன்சின் மாநிலத்தின் லேக் ஜெனீவா நகரைச் சேர்ந்த கேரி கைகாக்ஸுடன் இணைந்து 1974இல் டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸை வெளியிட்டார். முதற்பதிப்பு ஆயிரம் பிரதிகள். மூன்று சிறு நூல்கள். அதில் வீரன், மந்திரவாதி, மதகுரு என மூன்று வகையினர் மட்டுமே. இவர்களுள் மதகுரு வந்த கதை நமது விடயத்துக்கு நேரடியாக உதவுகிறது. பிளாக்மூர் ஆட்டத்தில் ஒருவரின் பாத்திரம் இரத்தம் குடிக்கும் வேம்பயராக மாறிவிட்டது. அதன் பலத்துக்கு எவராலும் ஈடுகொடுக்க முடியவில்லை. அதை எதிர்கொள்வதற்காக மைக் கார் என்ற ஆட்டக்காரர் ஏற்ற பாத்திரத்திலிருந்தே மதகுரு என்ற வகை உருவானது. ஒருவரின் வழமை மீறல் எல்லாருக்குமான விதியொன்றை எழுதவைத்திருக்கிறது. இன்றுவரை உலகின் எந்த மூலையில் அந்த மதகுருவை ஒருவர் ஏற்று ஆடினாலும் அவரது பின்னணியில் அந்தப் பழைய வேம்பயரின் நிழல் இருக்கிறது.

1974இன் நூல், பலவீனமான நிலையிலிருந்து தொடங்கி வளர்வதாயின் ஆட்டக்காரர் ஏறத்தாழ எதுவாகவும் ஆடலாம், டிராகனாகக்கூட ஆடலாம் என்று அனுமதித்தது. ஐந்தே ஆண்டுகளில், 1979இல் வந்த நடத்துநர் கையேட்டில், கைகாக்ஸின் குரல் மாறிவிட்டது. அரக்கப் பிறவிகளாக ஆடக் கேட்பவர்கள் பெரும்பாலும் அதன் வலிமைக்காகவே கேட்கிறார்கள், இந்த உலகின் மையம் மனிதனே என்று அவர் வாதிட்டார். விதிகளை எழுதியவர் கதவைச் சாத்துகிறார் என்று இதை எளிதாகக் கண்டித்துவிடலாம். அதற்கு ஆதாரமும் உண்டு. 1978இன் ஆட்டக்காரர் கையேடு பெண் பாத்திரங்களின் உடல்வலிமைக்கு ஆண்களுக்கு இல்லாத ஓர் உச்சவரம்பை விதித்தது. கற்பனை உலகில்கூட யார் எவ்வளவு தூக்கலாம் என்று ஒருவர் உட்கார்ந்து கணக்கிட்டிருக்கிறார். ஆயினும் கைகாக்ஸின் சந்தேகத்தில் பாதி உண்மை இருக்கிறது. தன் பாத்திரம் தனித்துத் தெரிய வேண்டும் என்பதற்காக மட்டும் கொம்பும் சிறகும் பூட்டிக்கொள்பவர் அந்த மேசைக்கு எதையும் கொண்டுவருவதில்லை.

இதற்கு அந்த விளையாட்டின் உலகமே ஓர் உதாரணத்தைத் தருகிறது. 1988இல் ஆர்.ஏ. சல்வடோர் எழுதிய நாவலொன்றில் டிரிஸ்ட் என்ற பாத்திரம் அறிமுகமானது. கருந்தோலர்களான, பிறப்பிலேயே கொடியவர்கள் என்று விளையாட்டு நூல்கள் சித்திரித்த ஓர் இனத்திலிருந்து வெளியேறிவரும் நல்லவன். அந்த நேரத்தில் அது துணிவான படைப்பு. பின்னர் என்னவாயிற்று? ஊர்தோறும் மேசைதோறும், தன் இனத்தை வெறுத்து வெளியேறிய, இரட்டை வாளேந்திய, துயரம் தோய்ந்த தனியன் ஒருவன் தோன்றினான். விலக்காக வந்தவன் வார்ப்பாக உறைந்துபோனான். அதற்கும் மேலாக, ஒரு நல்லவனைத் தனித்துக் காட்டுவதற்கு ஓர் இனம் முழுவதும் கெட்டதாகவே இருந்தாக வேண்டியிருந்தது. 'நீ மற்றவர்களைப் போலல்ல' என்ற பாராட்டை வாங்கிய அனுபவம் நம்மில் பலருக்கும் உண்டு. அந்தப் பாராட்டுக்குள் ஒளிந்திருப்பது என்ன என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

3

பாலைவனக் கொலையாளிக்கு வருகிறேன். அந்த இளைஞனுக்கு அது எங்கிருந்து வந்தது என்று தேடியபோது எனக்கு இரண்டு பிரதிகள் அகப்பட்டன.

ஒன்று, 1991இல் வெளிவந்த 'வேம்பயர்: த மாஸ்கரேட்'. இதில் ஆட்டக்காரர்கள் எல்லாருமே இரத்தம் குடிப்பவர்கள். 1970களில் மேசையைக் கலங்கடித்த வேம்பயர் இங்கே வழமையாகிவிட்டார். இந்த விளையாட்டில் அஸமைட் என்றொரு குலம் உண்டு. அலமூத் கோட்டையைத் தலைமையகமாகக் கொண்ட, கூலிக்குக் கொல்லும், மத்தியகிழக்குக் கொலையாளிகள். வயது ஏற ஏற இவர்களின் தோல் கறுத்துக்கொண்டே போகுமாம். ஐந்தாம் பதிப்பில் இவர்கள் பனூ ஹகீம் என்ற பெயரோடு, நீதி வழங்குவோர் என்ற முகத்தோடு வருகிறார்கள். பெயர் மாற்றம் நல்லதுதான். ஆனால் முப்பது ஆண்டுகளாக ஒரு வெள்ளைக்கார இளைஞனுக்கு 'வழமையற்ற' பாத்திரம் என்றவுடன் ஞாபகத்துக்கு வருவது நம்மைப் போன்ற ஒருவனின் கையிலுள்ள கத்தி என்றால், அந்தப் பாத்திரம் எந்த வழமையை மீறுகிறது? அது இருக்கின்ற வழமையைத்தான் இன்னொருமுறை ஆடிக்காட்டுகிறது.

மற்றையது என்னை உண்மையில் வியக்கவைத்தது. 1992இல் ஜெஃப் கிரப் எழுதி வெளிவந்த 'அல்-காதிம்'. ஆயிரத்தொரு இரவுகளின் சாயலில் அமைந்த ஸகாரா என்ற நிலம். ஜின்களும் பறக்கும் கம்பளங்களும் வணிகச் சாத்துகளும் நிறைந்தது. கிழக்கைப் பற்றிய மேற்கின் கனவு என்று அதைத் தள்ளிவிடலாம். நம்மிற் பலர் அப்படித்தான் தள்ளுவோம். ஆனால் அதற்குள் ஒரு விசித்திரம் இருக்கிறது. ஏனைய நிலங்களில் கண்டவுடன் கொல்லப்படும் ஓர்க்குகளும் கொப்ளின்களும் ஸகாராவின் நகரங்களில் குடிமக்களாக வாழ்கிறார்கள். கடைவைத்திருக்கிறார்கள். அயலவர்களாக இருக்கிறார்கள். பிறப்பு என்னவென்று பார்த்து வாளை உருவும் வழக்கம் அங்கில்லை. ஐரோப்பியச் சாயலுடைய நிலங்களில் கிடைக்காத குடியுரிமை அந்தப் பிறவிகளுக்கு ஒரு கற்பனை அரபு நிலத்தில் கிடைத்திருக்கிறது.

அதே நூலில், வெளிநாட்டிலிருந்து வரும் மந்திரவாதிக்குத் தரப்பட்ட பெயர் அஜமி. இந்தச் சொல் நமக்குப் புதிதல்ல. அரபியல்லாதவரைக் குறிக்கும் சொல். தமிழ் பேசும் நாமும் அஜமிகளே. அரபுச் சாயலில் ஒரு பாத்திரத்தை எனக்குத் தர முன்வந்த இளைஞனுக்கு, நான் அந்த நிலத்திலும் வெளியாள்தான் என்பது தெரிந்திருக்க நியாயமில்லை. ஒருவருக்கு அந்நியமாகத் தெரிவது இன்னொருவருக்கு வீடு. மூன்றாமவருக்கு அது இரண்டுமற்ற வேறொன்று. ஆகவே ஒரு பாத்திரம் வழமையை மீறுகிறது என்பது அந்தப் பாத்திரத்தின் குணமல்ல. அது அந்த மேசையில் இருப்பவர்களுக்கிடையில் உள்ள ஓர் உறவு.

இப்போது நூல்கள் மாறிவிட்டன. ஓர்க்குகளையும் கருந்தோலர்களையும் பிறப்பால் கொடியவர்களாகச் சித்திரிப்பதில்லை என்று அந்த விளையாட்டை வெளியிடும் நிறுவனம் 2020இல் அறிவித்தது. 2024இல் வந்த ஆட்டக்காரர் கையேடு, பாத்திரங்களின் பிறப்பைக் குறிக்க 'இனம்' என்ற சொல்லையே கைவிட்டது. ஓர்க் அதில் எவரும் எடுத்தாடத்தக்க பாத்திரம். இது வரவேற்கத்தக்கது. அதேவேளை, எல்லாம் அனுமதிக்கப்பட்டபின் எதுவுமே விலக்காக இருக்காது. கொம்புக்கும் பச்சைத் தோலுக்கும் இனி எந்த விலையுமில்லை. நூல் தன் வேலையைச் செய்துவிட்டது. மிகுதி மேசையின் கையில் இருக்கிறது.

4

அந்தச் சனிக்கிழமை இரவுக்கு வருவோம்.

குழுவில் ஐந்து பாத்திரங்கள். மருந்தகத்தில் வேலைசெய்யும் வங்காள இளைஞரின் வாள்வீரன். ஓர் ஆங்கிலேயரின் மந்திரவாதி. எனக்குக் கொலையாளியைத் தர வந்தவனின் திருடன். போலந்துப் பெற்றோருக்குப் பிறந்த மாணவி ஒருத்தியின் ஓர்க் மருத்துவிச்சி. ஐந்தாவது என் மௌனத் துறவி.

திருடன் எல்லாரிடமும் திருடினான். எங்களிடமும் திருடினான். கேட்டால், 'என் பாத்திரம் அப்படித்தான்' என்பான். இந்த வாக்கியம் மேசைக் கதையாட்டக்காரரிடையே நன்கு அறிமுகமானது. 1984இல் தொடங்கிய 'டிராகன்லான்ஸ்' கதைத்தொடரில் கென்டர் என்றொரு குட்டை இனம் வருகிறது. உடைமை என்ற எண்ணமே இல்லாதவர்கள். அச்சமும் அறியாதவர்கள். நாவலில் அவர்கள் இனிமையானவர்கள். மேசையிலோ தோழர்களின் பையில் கைவிடுவதற்கான அனுமதிப்பத்திரமாகிவிட்டார்கள். நாவலில் ஒரு பாத்திரத்தின் குறும்பால் பாதிக்கப்படுபவர் இன்னொரு பாத்திரம். மேசையில் பாதிக்கப்படுபவர் ஐந்து மைல் தூரம் பேருந்தில் வந்த ஒரு மனிதர். அதனால்தான் பல குழுக்கள் ஆட்டம் தொடங்குமுன் பூச்சிய அமர்வு என்று ஒன்றை வைத்து, எது வேண்டும் எது வேண்டாம் என்று பேசிக்கொள்கின்றன. சில மேசைகளில் எக்ஸ் எழுத்துள்ள ஓர் அட்டை கிடக்கும். எவரும் அதைத் தொட்டால், காரணம் கேளாமல் அந்த விடயம் கதையிலிருந்து நீக்கப்படும்.

என் துறவி திருடவில்லை. அவன் ஒன்றுமே செய்யவில்லை. கிராமத்தவர்கள் உதவி கேட்டபோது மௌனமாக நின்றான். பொற்காசு தந்தபோது திரும்பி நடந்தான். சண்டை வந்தபோது ஒதுங்கித் தியானித்தான். முதல் ஒரு மணித்தியாலம் நான் பெருமிதத்தோடு இருந்தேன். இரண்டாம் மணித்தியாலத்தில் என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. மூன்றாம் மணித்தியாலத்தில் நான் எழுந்துபோய் எல்லாருக்கும் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்தேன். நான் இல்லாத நேரத்தில் கதை நின்றிருக்கவில்லை.

அப்போது குழு ஓர்க்குகளின் முகாமை அடைந்திருந்தது. பாலத்தைக் கைப்பற்றியிருந்த அவர்களை விரட்டத்தான் கிராமத்தவர்கள் எங்களைக் கூலிக்கு அமர்த்தியிருந்தார்கள். காவலில் ஓர் இளம் ஓர்க் நிற்பதாக மருமகன் சொன்னார். வாள்வீரன் வாளை உருவினான். மருத்துவிச்சியாக ஆடிய பெண் சொன்னாள்: பொறுங்கள், அவனை எனக்குத் தெரியும். கால் முந்திப் பிறந்தவன். இரண்டு இரவும் ஒரு பகலும் அவனுடைய தாயோடு இருந்தேன்.

மருமகனின் குறிப்புகளில் அப்படியொன்றும் இல்லை. அவர் சிறிது நேரம் பேசாமலிருந்தார். பிறகு, சரி, அவன் உன்னைப் பார்க்கிறான் என்றார். அவள் பகடையை உருட்டினாள். நான்கு விழுந்தது. அவன் ஊதுகொம்பை எடுத்து ஊதினான். ஆனால் அவளை நோக்கி அம்பை எய்யவில்லை.

அதற்குப் பின் அந்த மேசையில் எல்லாரும் விழித்துக்கொண்டார்கள். கிராமத்தில் யாருடைய பிள்ளைகளை எடுத்தாய் என்று வாள்வீரன் கேட்டான். கிராமத் தலைவனின் மகனை என்றாள். அப்படியானால் பாலத்தின் இரு கரையிலும் உன் கைப்பட்ட பிள்ளைகள் நிற்கிறார்கள் என்றான் மந்திரவாதி. திருடன் முதன்முறையாகத் தான் திருடிய ஒரு பொருளை வெளியே எடுத்து, இது தலைவன் வீட்டில் எடுத்தது, இதைக் காட்டினால் உள்ளே போகவிடுவார்களா என்று கேட்டான். அவனுடைய கெட்ட பழக்கத்துக்குக்கூட அவள் ஒரு பயனை உண்டாக்கிவிட்டாள்.

பிறகு அவள் என் பக்கம் திரும்பினாள். மருத்துவிச்சியின் குரலில், மரியாதையோடுதான் கேட்டாள்: பெரியவரே, உங்களை யார் எடுத்தார்கள்? உங்கள் தாயின் பெயர் என்ன?

என் தாளைப் பார்த்தேன். துறவியின் உடை, தடி, நோன்பு, உறங்கும் முறை எல்லாம் எழுதியிருந்தேன். தாய் இல்லை. நான் அவனை ஒருவருக்கும் பிறக்காதவனாகப் படைத்திருந்தேன். அது அதுவரை எனக்குத் தெரியவில்லை.

எல்லாரும் போனபின் மருமகன் பாத்திரங்களைக் கழுவிக்கொண்டே கேட்டார்: "மாமா, ஒங்கட ஆளுக்கு எங்கள்ல ஒருத்தரும் தேவையில்லையே. பிறகு ஏன் அவர் எங்களோட வந்தாரு?"

5

நான் எழுதிய கதைகளின் தொகுப்பு ஒன்று தங்கச்சியின் அலுமாரியில் இருந்தது. அன்றிரவு எடுத்துப் புரட்டினேன். பதினொரு கதைகள். அவற்றுள் ஏழில் என் துறவி இருந்தான். ஒரு கதையில் அவன் பள்ளிவாசல் திண்ணையில் தனித்திருக்கும் கிழவன். இன்னொன்றில் ஊரோடு ஒட்டாத வாசிகசாலைப் பொறுப்பாளன். வேறொன்றில் கடலை வெறித்தபடி நிற்கும் இளைஞன். அவர்கள் எவரோடும் பேசுவதில்லை. எவரிடமும் கடன்பட்டவர்களில்லை. ஊர் அவர்களைப் புரிந்துகொள்ளவில்லை என்று ஒவ்வொரு கதையும் சொல்கிறது. ஊரைப் புரிந்துகொள்ள அவர்கள் என்ன செய்தார்கள் என்று எந்தக் கதையும் கேட்கவில்லை. இவற்றுக்கு முன்னுரை எழுதிய நண்பர் 'வித்தியாசமான பாத்திரங்கள்' என்று எழுதியிருந்தார்.

அந்நியமாதல் என்ற கருத்து நமது எழுத்தில் அவசியமான ஒரு கட்டத்தில்தான் வந்தது. நல்லொழுக்கம் போதிக்கும் பாத்திரங்களிலிருந்து நம்மை அது விடுவித்தது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் விலகி நிற்பவன் ஒவ்வொருவனும் ஆழமானவன் என்று எடுத்துக்கொண்டபோது, டிரிஸ்டைப் பிரதிபண்ணிய இளைஞர்கள் செய்ததையே நாமும் செய்தோம். அச்சில் அது தெரிவதில்லை. ஏனென்றால் ஏனைய பாத்திரங்களும் நம் கையில்தான் இருக்கின்றன. நாம் அவர்களைப் பேசாமல் இருக்கச் செய்யலாம், அவனைச் சூழ்ந்து வியக்கச் செய்யலாம். மேசையில் அந்த வசதியில்லை. மற்றவர்களுக்குச் சொந்த வாய் இருக்கிறது.

ஓர்க் மருத்துவிச்சி வழமையை மீறுவது அவள் ஓர்க் என்பதால் அல்ல. சண்டைக்கென்று அமைந்த ஒரு விளையாட்டில் பிரசவம் பார்ப்பவள் என்பதால்கூட அல்ல. அவள் வந்தபின் அந்தக் கதையில் எவரும் ஏற்கெனவே அறிந்த எதிரியாக இருக்க முடியவில்லை. ஒவ்வொருவரும் தம் அடுத்த செயலை மறுபடியும் யோசிக்க வேண்டியதாயிற்று. ஒரு பாத்திரத்தின் வழமை மீறலை அளப்பதற்கு இதைவிட நேர்மையான அளவுகோல் எனக்குத் தெரியவில்லை. அதன் வருகைக்குப் பின் பக்கத்திலிருப்பவர் முன்னைவிட அதிகமாகப் பேசுகிறாரா? நாவலையும் சிறுகதையையும்கூட இப்படி வாசித்துப் பார்க்கலாம் என்றே நினைக்கிறேன்.

இங்கு ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. நான் பிறந்தது எங்கள் ஊர் எல்லைக்கு அப்பாலிருந்த தமிழ்க் கிராமத்து மருத்துவிச்சி ஒருவரின் கையில். உம்மா அதை அடிக்கடி சொல்வார். எங்கள் தெருவில் எத்தனையோ பேர் அவர் கையில் பிறந்தவர்கள். 1990க்குப் பிறகு அந்த எல்லையை இரு பக்கத்தாரும் கடக்கவில்லை. அவர் எங்கே போனார், என்ன ஆனார் என்று வீட்டில் யாரும் பேசிக் கேட்டதில்லை. நான் எழுதத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். அந்த ஆண்டுகளைப் பற்றி எழுதினேன். பள்ளிவாசல் திண்ணையில் தனித்திருந்த கிழவனை எழுதினேன். எல்லையின் இரு பக்கமும் நின்றவர்களைத் தன் கையால் எடுத்த ஒருத்தியை எழுதலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. அவள் என் கதைக்குள் வந்திருந்தால் என் கிழவனால் பேசாமல் இருந்திருக்க முடியாது.

அடுத்த சனிக்கிழமை தாளில் 'மௌனம்' என்ற சொல்லை அழித்தேன். துறவியை அப்படியே வைத்துக்கொண்டேன். பாலத்துக்கு இக்கரையில் ஒரு வீட்டில் அவன் முப்பது வருடங்களுக்கு முன் வாங்கிய கடனொன்று இன்னும் திருப்பிக் கொடுக்கப்படாமல் இருக்கிறது என்று எழுதினேன். அதைக் கொண்டே மருமகன் இரண்டு வாரக் கதையை நடத்திவிட்டார். தாயின் பெயர் என்ன என்று அந்தப் பெண் மறுபடியும் கேட்டாள். ஒரு பெயரைச் சொன்னேன்.

என்னைக் கையில் ஏந்திய மருத்துவிச்சியின் பெயர் எனக்குத் தெரியாது. உம்மாவிடம் கேட்க இனி வழியில்லை. ஊரில் அவர் வயதொத்தவர்கள் இன்னும் ஓரிருவர் இருக்கிறார்கள். எல்லைக்கு அப்பாலும் யாராவது இருக்கக்கூடும். அந்தக் கதையை எழுத உட்காருவதற்கு முன் நான் அவர்களிடம் போய்ப் பேச வேண்டும்.